உறைகிணறு வெட்டும் முன் தரைக்கடியில் தேடியது

எங்கள் குடியிருப்பு வேளச்சேரிப் பக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் கட்டியது. 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரமாக வெட்டிய குழிகள் எல்லாம் சேறு அடைத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பதிலாக மூன்றடி விட்டத்தில் பதினைந்தடி ஆழத்துக்கு, மழைநீரை மண்ணுக்குள் இறக்க, சிமென்ட் உறைகளை அடுக்கி ஒழுங்கான உறைகிணறு ஒன்று போடலாம் என்று சங்கத்தில் முடிவானது. வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இடம், கேட்டுக்கும் கார் நிறுத்தத்துக்கும் நடுவே. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய்கள் அங்கேதான் வந்து சேர்கின்றன. சிக்கலும் அதே இடத்தில்தான். தெருவிலிருந்து கட்டடத்துக்குள் வருகிற ஈ.பி. கேபிள், மெட்ரோவாட்டர் குழாய், கழிவுநீர் லைன், ஃபைபர், இப்போது புதிதாக கேஸ் குழாய் என்று எல்லாமே அந்தப் பத்தடி அகலத்துக்குள்தான் போகின்றன.

"கடப்பாரையை மெதுவா போடச் சொல்றேன் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் மேஸ்திரி. அனுபவசாலிதான், ஆனால் இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. பலரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டுக்குள் வயர் ஷார்ட் ஆனால் நம் மெயினில் இருக்கும் பிரேக்கர் விழும். தெருவிலிருந்து வரும் சர்வீஸ் கேபிள் நம் மீட்டருக்கும் முந்தையது. அதில் கடப்பாரை இறங்கினால் நம் போர்டில் எதுவும் விழாது. தெருவோரத்தில் வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸில் இருக்கும் ஃப்யூஸ்தான் போக வேண்டும். அது மொத்தக் குடியிருப்பின் லோடுக்கும் போட்ட பெரிய ஃப்யூஸ். அது உருகுவதற்குள் குழியில் நிற்பவரின் முகத்துக்கு நேரே நெருப்பு வெடித்திருக்கும்.

முதலில் காகிதங்களைத் தேடினேன். அங்கீகார வரைபடத்தில் சம்ப்பும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கழிவுநீர்த் தொட்டிகளும் இருந்தன, கேபிள் இல்லை. கேஸ் குழாய் பதித்த ஒப்பந்தக்காரரிடம் கேட்டதும் கோட்டுப்படம் ஒன்றை அனுப்பினார். அது உண்மையிலேயே உதவியது. ஈ.பி. பிரிவு அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். வயர்மேன் வந்து, எந்தப் பில்லர் பாக்ஸிலிருந்து எங்கள் கேபிள் கிளம்புகிறது, மதிலை எங்கே கடக்கிறது என்று காட்டினார். மதிலுக்கு உள்ளே எப்படிப் போகிறது என்பதற்குக் கட்டிய காலத்திலிருந்து இருக்கும் முதல் மாடி அங்கிள்தான் சாட்சி. "வேப்பமரத்தை ஒட்டித்தான் போட்டாங்க, நான் நின்னு பார்த்தேன்" என்றார். இருபத்தைந்து வருஷத்து ஞாபகம். குறித்துக்கொண்டேன், நம்பவில்லை.

அப்புறம் தரையைச் சுற்றி நடந்து பார்த்தேன். காசு செலவில்லாத வேலை, ஆனால் நிறையச் சொல்லும். தரைக்குள் போகும் எதுவும் எங்கோ ஓர் இடத்தில் வெளியே வந்தாக வேண்டும். சுவரில் ஏறும் குழாய், மீட்டர் அறைத் தரையில் முளைக்கும் கேபிள், வால்வுப் பெட்டி மூடி, கேட் தூணில் விளக்கு, கேமராக் கம்பம் என்று ஒவ்வொன்றையும் ஒரு தாளில் புள்ளியாக வைத்தேன். பேவர் கற்கள் ஓர் இடத்தில் மட்டும் நிறம் மாறியிருந்தால், பிற்காலத்தில் யாரோ தோண்டி மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழிவுநீர் லைன் இதிலேயே முடிந்துவிட்டது. இரண்டு இன்ஸ்பெக்‌ஷன் சேம்பர்களின் மூடியைத் திறந்தால் நடுவில் குழாய் நேர்கோடுதான். அளவுநாடாவை உள்ளே விட்டால் ஆழமும் தெரிந்துவிடும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு மேல் கருவி வேண்டும். சர்வே வேலை செய்யும் ஒரு தம்பி கேபிள் லொக்கேட்டர் கொண்டுவந்தார். ஒரு நாள் வாடகை உறைகளுக்கு ஆன செலவில் சிறு பங்குகூட இல்லை. கருவியில் இரண்டு பாகம். சிக்னல் அனுப்பும் பெட்டி ஒன்று, கையில் பிடித்து நடக்கும் ரிசீவர் ஒன்று. தரைக்கடியில் மின்சாரம் ஓடும் கம்பி இருந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும், ரிசீவர் அதைப் பிடித்துக் கத்தும். அவர் முதலில் பெட்டியைத் தொடாமல், வெறும் ரிசீவரை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பிடிக்கும்படி வைத்து நடந்தார். ஒரே அமைதி. மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு சம்ப் மோட்டாரைப் போடச் சொல்லுங்க சார். கேட் லைட்டையும் போடச் சொல்லுங்க" என்றார் தம்பி. மோட்டார் ஓடியதும் தரையில் ஒரு கோடு நெடுகக் கருவி கத்தத் தொடங்கியது. பட்டப்பகலில் கேட் விளக்கைப் போட்டதும் இன்னொரு கோடு. கம்பியில் மின்னழுத்தம் இருந்தாலும் கரண்ட் ஓடவில்லை என்றால் கருவிக்குப் பிடிக்க எதுவும் இல்லை. மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக ஓடும் கேபிளும் ஏமாற்றும், மூன்றின் புலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு வெளியே வருவது மிகக் குறைவு. ஆக, கருவி கத்தினால் அங்கே ஏதோ இருக்கிறது. கத்தவில்லை என்றால் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான். இடம் காலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை மேஸ்திரிக்கு ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு சிரிக்கவில்லை.

சர்வீஸ் கேபிளுக்கு வேறு முறை. மின்சாரம் இருக்கும் கேபிளில் பெட்டியின் கிளிப்பை நேரடியாக மாட்டக் கூடாது. வளையம் போல ஒரு கிளாம்ப் இருக்கிறது, மீட்டர் அறையில் கேபிளின் மேலுறையைச் சுற்றி அதை மாட்டினார். இப்போது சிக்னல் தெளிவாக வந்தது. கோடு வேப்பமரத்தை ஒட்டிப் போகவில்லை. மரத்துக்கு நான்கடி தள்ளி, நாங்கள் கிணற்றுக்குக் குறித்த வட்டத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு போனது.

மெட்ரோவாட்டர் குழாய் பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் என்பதால் மீட்டர் அருகே குழாயில் கிளிப் மாட்டி, இன்னொரு முனையை மண்ணில் அடித்த கம்பியில் கொடுத்ததும் கேட்டிலிருந்து பாதி தூரம் வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. இடையில் யாரோ ஒட்டு போட்டு பி.வி.சி. ஆக்கியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு இந்தக் கருவி பயன்படாது. கேஸ் குழாயும் மஞ்சள் பிளாஸ்டிக்தான், அதற்கு ஒப்பந்தக்காரரின் படம்தான் கதி. தரைக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார் கொண்டுவந்தால் பிளாஸ்டிக்கும் தெரியாதா என்று கேட்டேன். எங்கள் ஈரக் களிமண்ணில் ரேடார் அலை சீக்கிரமே மங்கிவிடும், மணல் பாங்கான கடற்கரைப் பக்கம் என்றால் பார்க்கலாம் என்றார் தம்பி. நேர்மையான பதில்.

கடைசியாக, பெட்டியைத் தரையில் வைத்தபடி இடம் மாற்றி மாற்றி, எதனோடும் இணைக்காமல் சிக்னலைப் பரப்பி மொத்த இடத்தையும் துழாவினார். அப்போதுதான் யார் பட்டியலிலும் இல்லாத ஒரு கோடு கிடைத்தது. மீட்டர் அறையிலிருந்து மதில் மூலைக்குக் குறுக்கே போனது. மூலையில் கைவிடப்பட்ட பழைய போர்வெல் இருக்கிறது. "அது செத்த வயர் சார்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் பழைய போர்டைத் திறந்து பார்த்தால் அந்த வயர் இன்னும் ஃப்யூஸில் மாட்டியபடி, உயிரோடு. மோட்டார் இல்லாததால் கரண்ட் ஓடவில்லை, அதனால்தான் முதல் சுற்றில் சத்தமில்லை. அதை அங்கேயே கழற்றி, முனைகளை மூடி, போர்டில் எழுதி ஒட்டிய பிறகுதான் மேலே வேலை.

கோடுகளை ஸ்ப்ரே பெயின்ட்டில் போட்டோம். மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், கேஸுக்கு மஞ்சள், கழிவுநீருக்குப் பச்சை. கோடு போட்டதும் தோண்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ரிசீவர் காட்டும் ஆழத்தில் பிழை வரும், பக்கத்தில் இன்னொரு கேபிள் இருந்தால் கோடே இழுபடும். ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தரவிதிப்படி வீடுகளுக்கு வருவது போன்ற கீழ்மின்னழுத்தக் கேபிள் குறைந்தது 0.75 மீட்டர் ஆழத்திலும், 11 கிலோவோல்ட் வரையுள்ளது 0.90 மீட்டரிலும், 22, 33 கிலோவோல்ட் 1.05 மீட்டரிலும் இருக்க வேண்டும். பதித்த அன்று அப்படி இருந்திருக்கலாம். அதன் பிறகு தரையை எத்தனை முறை வெட்டினார்கள், உயர்த்தினார்கள் என்பதற்கு யாரிடமும் கணக்கில்லை.

அதனால் கையால் சோதனைக் குழி. கோட்டுக்கு நேர் மேலே தோண்டாமல், பக்கவாட்டில் ஆரம்பித்து, கோட்டை நோக்கிக் குறுக்கே மெல்ல நகர வேண்டும். பேவர் கல்லைக் கையால் எடுத்தோம், பிரேக்கர் மெஷின் வேண்டாம் என்றேன். கடப்பாரையும் பிக்காஸும் கேட்டுக்கு வெளியே. மரக் கைப்பிடி மண்வெட்டி, கடைசி அரையடிக்குக் கொத்துக்கரண்டி. இரண்டடிக்கு மேல் கறுப்புக் களிமண்தான். திடீரென்று மஞ்சள் மணல் வந்தது. "ஆத்து மணல்" என்று மேஸ்திரியே கையை நிறுத்தினார். எங்கள் மண்ணில் இயற்கையாக அப்படி மணல் வராது, யாரோ கொண்டுவந்து கொட்டியதுதான். மணலைக் கையால் ஒதுக்கியதும் படுக்கைவாட்டில் வரிசையாக அடுக்கிய செங்கல். கேபிளுக்கு மேல் பாதுகாப்புக்கு வைப்பது அது. ஒரு செங்கல்லை மட்டும் தூக்கிப் பார்த்தோம். கீழே உலோகக் கவசம் போட்ட கறுப்பு ஆர்மர்டு கேபிள், கருவி சொன்னதைவிட அரையடி மேலே. செங்கல்லைத் திருப்பி வைத்துவிட்டோம்.

தண்ணீர்க் குழாயின் பி.வி.சி. பகுதியும் கேஸ் குழாயும் இதே மாதிரிக் குழியில்தான் கிடைத்தன. கேஸ் குழாய்க்கு மேலே மஞ்சள் எச்சரிக்கைப் பட்டை போட்டிருந்தார்கள், பட்டையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டோம். கிணற்று வட்டத்தை வேப்பமரத்துப் பக்கம் ஐந்தடி தள்ளிக் குறித்தோம். வேர் தொல்லை இருக்கும் என்று மேஸ்திரி முணுமுணுத்தார், இருந்தது. வேரை வெட்டிக்கொள்ளலாம்.

குழிகளை மூடும் முன் ஒவ்வொன்றிலும் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து, கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து தூரம் அளந்து ஒரு வரைபடம் போட்டு மீட்டர் அறையில் மாட்டினோம்.

கிணறு நிரம்பினால் வழிந்தோடத் தெருவின் மழைநீர் வடிகாலுக்கு ஒரு குழாய் வேண்டியிருந்தது. மதிலுக்கு வெளியே போனால் கதை வேறு. மாநகராட்சியின் ரோடு கட் அனுமதி வேண்டும். அதோடு 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியிலும் பதிவு செய்தோம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் செயலி, 2023 மார்ச் 22 அன்று தொடங்கியது. முறையில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்பது அப்போது அரசு சொன்ன கணக்கு. எங்கே, எப்போது தோண்டப் போகிறோம் என்று பதிந்தால், அந்த இடத்தில் கேபிளோ குழாயோ வைத்திருப்பதாகப் பதிவாகியுள்ள நிறுவனங்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் போகும். சொந்த வளாகத்துக்குள் கிடக்கும் கேட் லைட் வயரைப் பற்றி அதற்குத் தெரியாது. தெருவுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஒரு ஃபைபர் நிறுவனத்திலிருந்து போன் வந்தது, தோண்டும் அன்று அவர்கள் ஆள் ஒருவர் வந்து நின்றார். எங்கள் குழாய்ப் பாதைக்குக் குறுக்கே அவர்களுடைய கேபிள் போகும் டக்ட் குழாய் மூன்று போவதைக் காட்டி, அதற்குக் கீழே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மேஸ்திரியிடமே சொல்லிவிட்டு, மண்ணை மூடிய பிறகுதான் கிளம்பினார்.