நாற்பதில் தலைச்சூல்: திருக்கருகாவூர் போய்வரும் முறை

திருக்கருகாவூர்த் தலபுராணம், எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு கர்ப்பிணியின் கதை. கணவர் நித்துருவர் வீட்டில் இல்லாத நேரம் ஊர்த்துவபாதர் என்ற முனிவர் வாசலில் வந்து நிற்கிறார். மாசமாக இருந்த வேதிகைக்கு எழுந்து உபசரிக்கத் தெம்பில்லை. காரணம் அறியாத முனிவர் சபித்துவிட, கரு கலைகிறது. அவள் அழுகைக்கு ஓடிவந்த அம்மை, கலைந்த கருவைக் குடத்தில் ஏந்திக் காத்து, மாதம் நிறைந்ததும் நைத்ருவன் என்ற பிள்ளையாகக் கையில் கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்குக் காமதேனு சொரிந்த பால்தான் கோயிலுக்கு எதிரே உள்ள க்ஷீரகுண்டம் என்பார்கள். கருவைக் காத்த ஊர், கருகாவூர். அம்மை கர்ப்பரட்சாம்பிகை, கருக்காத்த நாயகி.

முப்பத்தெட்டு, நாற்பது வயதில் முதல்முறை உண்டாகியிருக்கும் பெண்களுக்கு இந்தப் புராணத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். உபசரிக்க எழவில்லை என்று கோபித்தவர் பக்கம் அம்மை நிற்கவில்லை. படுத்துக் கிடந்தவள் பக்கம் நின்றாள். அதனால் "இத்தனை வருஷம் கழிச்சுக் கிடைச்சிருக்கு, பத்துக் கோயில் சுத்தணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், இந்தக் கதையையே பதிலாகச் சொல்லலாம். சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்து, அதை வெளியே சொல்லக் கூசுகிறவர்கள் நிறையப் பேர் இந்தச் சன்னிதிக்கு வருகிறார்கள். குடத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் வேதிகைதான் தாய். கூசுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை.

எப்போது போவது? முதல் மூன்று மாதம் வேண்டாம். கரு கலையும் வாய்ப்பு வயதோடு கூடுகிறது. அதில் பெரும்பகுதி குரோமோசோம் கோளாறால் தானே நிகழ்வது, பயணத்தால் அல்ல. ஆனால் வழியில் ரத்தம் பட்டால் ஆயுள் முழுக்க "அன்னைக்குப் போனதாலதான்" என்ற எண்ணம் மனதை அரிக்கும். 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள், குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்புண்டா என்று கணிக்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் முடிய வேண்டும். அப்படிப்பட்ட கோளாறுகளில் ஒன்றான டவுன் சிண்ட்ரோமுக்கு வாய்ப்பு 35 வயதில் சுமார் 350-இல் ஒன்று, 40 வயதில் சுமார் 100-இல் ஒன்று. நாற்பதிலும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். அடுத்தது 18 முதல் 20 வாரத்தில், குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன். அது முடிந்து, நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளசென்டா) கீழே இறங்கி இல்லை என்று தெரிந்த பிறகு, 20 முதல் 26 வாரத்துக்குள் போவது உத்தமம். வாந்தி நின்றிருக்கும், வயிறும் இன்னும் பெரிதாக முன்தள்ளியிருக்காது. தலைச்சூலில் குழந்தையின் அசைவு தெரிய ஆரம்பிப்பதும் 18, 20 வாரத்தில்தான். அந்த அசைவோடு சன்னிதியில் நிற்பதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

நஞ்சு கீழே இருந்தாலும், ரத்தக்கசிவோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ இருந்தாலும், கர்ப்பவாய்க்குத் தையல் போட்டிருந்தாலும் மருத்துவர் சம்மதிக்காமல் கிளம்பக் கூடாது. இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்கூட்டியே பயணத்தை நிறுத்திவிடுவார்கள். கணவரோ அம்மாவோ போய், பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து பிரசாதம் வாங்கி வந்தால் போதும்.

கிளம்பும் முன் மருத்துவமனைக் கோப்பைப் பையில் வையுங்கள். அட்டையில் "எல்டர்லி ப்ரைமி" என்று எழுதியிருந்தால் மனம் சுருங்க வேண்டாம். 35-க்கு மேல் முதல் கர்ப்பம் என்பதற்கான குறிப்பு அது, அவ்வளவுதான். ரத்த வகை, கடைசி ஸ்கேன், சர்க்கரை அளவு, மாத்திரைச் சீட்டு, கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் எல்லாம் அதில் இருக்கட்டும். பிரசவத்துக்குப் பின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். கர்ப்பகால ரத்த அழுத்தம் வராமல் தடுக்க இரவில் போடும் ஆஸ்பிரினும், சோதனைக்குழாய் கர்ப்பத்துக்கான புரொஜெஸ்டிரோனும் கோயிலுக்குப் போகும் நாளில்தான் தவறிப்போகின்றன. செல்பேசியில் அலாரம் வைத்துவிடுவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஒட்டாது. கால்சியத்தையும் வேறு வேளைக்குத் தள்ளுங்கள்.

கோயில் வெட்டாற்றங்கரையில், பாபநாசத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்தால் சுமார் 20 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேராகக் காரில் வருவதைவிட, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் மெயின் லைனில் இரவு ரயில் மேல். கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, முன்பதிவில் அதைக் குறிப்பிட வேண்டும். காலையில் இறங்கி அறை எடுத்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்த பிறகு கோயிலுக்குக் கிளம்புங்கள். நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். காரில் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் தொடை மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வர வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். 35-க்கு மேல் கர்ப்பத்தில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல், உட்கார்ந்தே இருந்தால் அது இன்னும் ஏறும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள்தான் சிறுநீர்த் தொற்றோடு திரும்புகிறார்கள்.

விரதம் வேண்டாம். வெறும் வயிற்றில் வந்து வரிசையில் மயங்கி விழுவது சாதாரணமாக நடக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது உயிராபத்து. வெள்ளிக்கிழமையும் நவராத்திரியும் கூட்டம் நெரியும். வார நாள் காலையில் அம்மை முகத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

மூலவர் முல்லைவனநாதர், புற்று மண்ணால் ஆன சுயம்பு. அதனால் அபிஷேகம் கிடையாது, புனுகு சாத்துவார்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம், தல விருட்சம் முல்லை. கர்ப்பரட்சாம்பிகைக்குத் தனிச் சன்னிதி. ஒரு திருக்கரம் வயிற்றைத் தாங்கியபடி அம்மை நிற்கும் கோலம் கண்ணில் பட்டதும் கோப்பு, எண், வயது எல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோகும். அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். குழந்தை வேண்டுகிறவர்கள் அம்மன் சன்னிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிடுவது இங்கே வழக்கம். கல்லில் நெய் வழுக்கும், ஆறு மாதத்துக்கு மேல் உடம்பின் சமநிலையும் மாறியிருக்கும். கணவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வெட்கப்பட வேண்டியதில்லை. படி மெழுகுவதைக் கர்ப்பிணி செய்யத் தேவையில்லை, அது உண்டாகும் முன் செய்யும் பிரார்த்தனை. விழுந்து கும்பிடவும் வேண்டாம், நின்று கைகூப்பினால் போதும். மதியம் நெருங்கினால் பிராகாரக் கல் சுடும். குளத்துப் படியில் பாசி இருக்கலாம், இறங்காமல் கரையிலேயே நின்று தலையில் நீரைத் தெளித்துக்கொள்ளலாம்.

பிரசாதம் இரண்டு. நெய், குழந்தை வேண்டுகிறவர்களுக்கு. தம்பதி இருவரும் இரவில் 48 நாள் சாப்பிடுவது முறை. ஏற்கெனவே உண்டானவர்களுக்கு உரியது விளக்கெண்ணெய். அம்மன் பாதத்தில் வைத்துக் கொடுப்பார்கள். பிரசவ வலி எடுக்கும்போது வயிற்றில் தடவுவதற்கானது அது, குடிப்பதற்கானது அல்ல. விளக்கெண்ணெய் உள்ளே போனால் குடலைக் கலக்கி, கர்ப்பப்பையையும் சுருங்கத் தூண்டும். மாதம் நிறையாத வயிற்றுக்கு அது கேடு. தடவும்போதும் விரலால் பூசினால் போதும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. சிசேரியன் நாள் குறித்திருந்தால் முந்தின நாளே தடவிக் குளித்துவிடுங்கள். அறுவைக்கு முன் தோல் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இருக்க வேண்டும். ஜோசியர் குறித்த நேரத்துக்காக, மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்பே எடுக்கச் சொல்லி மருத்துவரை நெருக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். நுரையீரல் முதிர ஒவ்வொரு நாளும் கணக்கு.

சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் எலுமிச்சை அளவு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுங்கள். வயது கூடக் கூடக் கர்ப்பகாலச் சர்க்கரையும் அதிகம் வருகிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று அர்த்தம். முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்தில் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

ஒரே நாளில் வரிசையாகத் தரிசிக்கும் ஐந்து வனத் தலங்களான பஞ்ச ஆரண்யத் தலங்களில் கருகாவூர் முதலாவது. விடியலில் இங்கே தொடங்கி அவளிவணல்லூர், அரித்துவாரமங்கலம், ஆலங்குடி வழியாக அர்த்தசாமத்துக்குத் திருக்கொள்ளம்புதூர் சேர்வது மரபு. மிக அழகான யாத்திரை, ஆனால் கர்ப்பிணிக்கு உரியதல்ல. திருச்சி தாயுமானவரும் அப்படியே. காவிரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் போக, ரத்தினாவதிக்கு ஈசனே தாயாய் வந்து பிரசவம் பார்த்த மலை அது. மகளின் தாய் எழுபதை நெருங்கித் தளர்ந்திருக்கும் வீடுகளில் இந்தக் கதைக்குக் கனம் அதிகம். ஆனால் படி செங்குத்து. வாழைத்தார் நேர்த்திக்கடனை வீட்டில் வேறு யாராவது ஏறிச் செலுத்தட்டும்.

வழியில் விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம், நீர்க்கசிவு, ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் தரிசனத்தை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தஞ்சாவூரில் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் எந்நேரமும் பிரசவ மருத்துவர்கள் இருப்பார்கள். 28 வாரத்துக்கு மேல் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பிள்ளை பிறந்தபின் இங்கே தங்கத் தொட்டிலில் இட்டு வேண்டுதலை நிறைவேற்றுவார்கள். நாற்பதாம் நாளே போக வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. சிசேரியன் தழும்பு ஆறி, தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கி, பிள்ளைக்கு முதல் தடுப்பூசிகள் முடிந்த பிறகு போகலாம். கிளம்பும் முன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிடுங்கள். தொட்டிலில் இட்டதும் பசித்து அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரமாய் உட்கார இடம் தேடுவதுதான் அங்கே பெரும்பாடு.