காயப்போகிற மரம்: மாத்தளைக் குறிப்புகள்

2024 ஜூலை 6, சனி

என் ஆய்வுக்குப் பால் பிடிக்க, றப்பர் மரம் வெட்டும் அம்மாவோடு விடியுமுன்னே தோட்டத்து மலைக்குப் போனேன். வெயில் ஏறினால் மரம் பாலை இழுத்துக்கொள்ளும் என்பார் அம்மா. உண்மைதான், பாற்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருப்பது அதிகாலையில்தான்.

பழைய வெட்டில் ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, பட்டையை மெல்லிசாகச் சீவினார். வெட்டு நெடுக வெள்ளைப் பொட்டுகள் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து சரிவில் ஓடின. முதல் சொட்டுகளை விட்டுவிட்டு, அடுத்ததை ஐஸில் வைத்திருந்த குழாயில் நேராகப் பிடித்தேன். றப்பர் பால் என்பது பாற்குழாய்ச் செல்லுக்குள் இருக்கும் திரவமேதான். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் ஆர்.என்.ஏ.யும் அதோடு வந்துவிடும். இலையை அரைக்க வேண்டாம்.

ஜூலை 8, திங்கள், பேராதனை ஆய்வுகூடம்

பஸ்ஸில் வரும்போதே ஐஸ் கரைந்துவிட்டது. ஆர்.என்.ஏ. சிதையாமல் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்த ஜெல்லில் கோடுகளே இல்லை, கீழ்வரை ஒரே இழுவல். ஆர்.என்.ஏ. முழுவதும் சிதைந்துவிட்டது. அம்மாவின் ஒரு காலை வேலையும் இதில் போனது, அதுதான் மனதைப் பிசைகிறது.

ஜூலை 9, செவ்வாய்

றப்பர் பாலில் நான் பார்ப்பது மெட்டலோதயோனின் என்ற புரதத்தின் மரபணுவை. அது என்ன என்று தங்கச்சி போனில் கேட்டாள். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைந்த சின்னப் புரதம். சிஸ்டீனில் உள்ள கந்தகம் செம்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும். 1957ல் குதிரையின் சிறுநீரகத்தில், கட்மியத்தைப் பிடித்திருந்த நிலையில்தான் இதை முதலில் கண்டார்கள். செம்பு இல்லாமல் சில நொதியங்கள் இயங்காது. ஆனால் பிடியில்லாமல் திரிந்தால் ஐதரசன் பேரொட்சைட்டோடு சேர்ந்து மென்சவ்வுகளைச் சிதைக்கும். றப்பர் பாலில் மிதக்கும் லூட்டொயிட் என்ற நுண்பைகள் அப்படி உடைந்தால் பால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். மரம் காய்ந்துபோவதில், அதாவது வெட்டினாலும் பால் வராமல் போவதில், இதற்குப் பெரிய பங்கு உண்டு.

"செம்புச் சட்டியில பால ஊத்தாதேன்னு அம்மா சொல்லுமே, அதுவும் இதுதானா?" என்றாள். கிட்டத்தட்ட அதுதான். செம்பு பட்ட றப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும்.

ஜூலை 13, சனி

பால் கூட்டுவதற்காகப் பூசும் எத்திபோன் என்ற மருந்து, பாலில் மெட்டலோதயோனின் மரபணுவின் வெளிப்பாட்டையும் கூட்டுகிறது என்று ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். நான் பார்க்க நினைத்தது காய்ந்த மரங்களை. சரி, பாலே வராத மரத்தில் எதைப் பிடிப்பது?

அம்மாவிடம் கேட்டேன். வரிசையின் கடைசி மரத்துக்குக் கூட்டிப்போனார். பால் எடுத்து முடித்த பிறகும் சிரட்டையில் சொட்டிக்கொண்டே இருந்தது. தொட்டுப் பார்த்தால் தண்ணீராட்டம். வெட்டின் நடுவில் இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பாலே இல்லை.

"இப்படி ஓயாம வடிச்சிச்சின்னா காயப்போகுதுன்னு அர்த்தம், புள்ள. நீ காஞ்சதையே தேடுற. இதப் பாரு."

அப்புறம் அதே மாதிரி இன்னும் ஐந்து மரம் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு நல்ல மரத்தையும் சேர்த்து, பன்னிரண்டிலும் பால் பிடித்தேன். ஐஸ் பெட்டியைச் சாக்கில் சுற்றி முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஜூலை 15, திங்கள்

பன்னிரண்டு ஆர்.என்.ஏ.யும் தெளிவான இரண்டிரண்டு கோடு. மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க மெஷின் புதன்கிழமை கிடைக்கும். அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அந்தக் கடைசி மரத்தைக் கொஞ்ச நாளைக்கு வெட்டாமல் விடச் சொல்லிக் கங்காணியிடம் கேட்டிருக்கிறாராம்.