முந்திரிக் கொத்துக்கு ஓலைப்பெட்டி, தொட்டிலுக்குக் கிலுகிலுப்பை

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுப்பதில்லை, பனையோலைப் பெட்டியில் வைத்துத்தான் கொடுப்பது என்று ஆகஸ்டிலேயே முடிவு செய்திருந்தேன். தூத்துக்குடியில் இருந்துகொண்டு ஓலைப்பெட்டி வாங்குவது பெரிய காரியமில்லை. மணப்பாட்டுப் பெண்கள் முடைகிற பெட்டிகளின் நேர்த்தி ஊரறிந்தது. ஆனால் அத்தைக்கு முடையத் தெரியும், எனக்குத் தெரியாது. பிப்ரவரியில் இரண்டாவது குழந்தை வந்துவிட்டால் இரண்டு கைக்கும் வேறு வேலை வந்துவிடும். கற்றுக்கொள்வதானால் இதுதான் சமயம் என்று அத்தையிடம் கேட்டேன். "இந்த வயிற்றை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தா முடையப் போகிறாய்?" என்றவர், மறுநாளே உடன்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரிடம் குருத்தோலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

குருத்தோலை என்பது இன்னும் விரியாத நடு ஓலை. முற்றிய ஓலை பச்சையாக, விறைப்பாக இருக்கும். வேலிக்கும் கூரைக்கும்தான் ஆகும். குருத்து வெளிர் மஞ்சளாக, வளைத்தால் வளைகிற பதத்தில் இருக்கும். அதற்காக ஒரே மரத்தில் ஓயாமல் குருத்தை வெட்டினால் மரம் நலிந்துவிடும் என்பதால் மரத்துக்கு ஒன்று என்று பல மரங்களிலிருந்து எடுத்து வந்திருந்தார். செப்டம்பர் வெயிலில் மொட்டைமாடியில் காயப்போட்டோம். காய்ந்ததும் நிறம் தந்தம் போல ஆகிவிட்டது. ஈர்க்கை உரித்தெடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்துக்கு வகிர வேண்டும். பெட்டியின் அழகு முக்கால்வாசி இந்த வகிர்தலில்தான் இருக்கிறது. அத்தை நகத்தால் ஒரு கீறல் போட்டு இழுப்பார், கோடு பிசகாது. நான் அளவுகோலை வைத்து, பிளேடால் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்தேன். அவருக்கு அதில் இளக்காரம்தான். இருக்கட்டும்.

தொல்லை கொடுத்தது மழை. பண்டிகை டிசம்பரில் வருகிறது. ஓலைக்கோ வெயில் வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் துணியே காயாது. நவம்பரில் வந்த இரண்டாவது கட்டு ஓலையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பொருள்களை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிடுவார்களாம். விறகுப் புகை பார்த்துக்கொள்ளும். காஸ் அடுப்பில் புகைக்கு எங்கே போவது? தப்பிய ஓலைகளை ஃபேன் காற்றில் பரப்பினோம். அத்தான் ஒரு பழைய வேட்டித் துண்டை மேலே விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டுக் கொடுத்தார். ஈரமும் போயிற்று, சுருக்கமும் நிமிர்ந்தது. தன் சட்டைக்கு இஸ்திரி போட நேரமில்லாத மனிதர் ராத்திரி பத்து மணிக்கு ஓலைக்குப் போட்டுக்கொண்டிருந்ததை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன், சமயத்தில் சொல்லிக்காட்ட.

சாயம் காய்ச்சும் இடத்துக்கு அத்தை என்னை விடவில்லை. சிவப்பும் பச்சையும் அவரே கொல்லைப்புறத்தில் கொதிக்க வைத்து முக்கியெடுத்தார்.

இனி முடைதல். பெட்டிக்கு எட்டுக்கு எட்டு. எட்டுக் கீற்றை நீளவாக்கில் பரப்பி, இன்னும் எட்டைக் குறுக்கே ஒன்று மேல், ஒன்று கீழ் என்று விட்டால் சதுரமான அடிப்பாகம் கிடைக்கும். இது பாய் முடைவதுதான், யாருக்கும் வரும். சூட்சுமம் மூலையில் இருக்கிறது. அடிச் சதுரத்தின் நான்கு முனைகளும் பெட்டியின் மூலைகள் ஆவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் எட்டில் நடுவில் இருக்கும் இரண்டு கீற்றுகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு இழுத்தால், அந்த இடம் எழும்பி மூலையாகிறது. முதல்முறை அது எழும்பியபோது எனக்குக் கண்கட்டு வித்தையாகவே தோன்றியது. தட்டையாகக் கிடந்த ஓலை நின்றுவிட்டது. அதன்பின் கீற்றுகள் சுவரில் சாய்வாக ஏறும். வேண்டிய உயரம் வந்ததும் ஒவ்வொன்றையும் மடக்கி, வந்த வழியிலேயே உள்ளே செருகினால் விளிம்பு. மூடிக்கும் இதே கணக்குதான். ஆனால் கீற்றை ஒரு நூல் கூடுதல் அகலமாக வகிர்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மூடி பெட்டிக்குள்ளே போய்விடும்.

சம்மணம் போட முடியாததால் நான் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகையை வைத்து, துணி கிளிப்பால் கீற்றுகளைப் பிடித்துக்கொண்டு முடைந்தேன். இன்னொன்றும் கண்டுகொண்டேன்: ஓலை வேலைக்கு அதிகாலைதான் சரி. மதிய வெயிலில் ஓலை முறுகி, மடிக்கிற இடத்தில் வெடிக்கிறது. காலையில் பனிப்பதம் இருக்கும்போது சொன்னபடி கேட்கிறது. ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக்கொண்டால் பகலிலும் சமாளிக்கலாம். எப்படியும் நான்கு மணிக்கு உள்ளேயிருக்கும் ஆள் உதைத்து எழுப்பிவிடுவதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

ஆறு வயது மூத்தவனுக்கும் கை பரபரத்தது. பெட்டி அவனுக்கு எட்டாது என்று நான்கு கீற்றில் மடிக்கும் நட்சத்திரத்தைச் சொல்லிக்கொடுத்தேன். பாதி வரை அவன் மடிப்பான். கூம்பு மடிப்பு வரும்போது என்னிடம் நீட்டுவான். வாசலில் தொங்கவிட்டதற்கு மேல், பெட்டிக்கு ஒன்று என்று மூடியில் கட்டியும் விட்டோம்.

பெட்டிக்குள் எதை வைப்பது என்பதிலும் ஒரு விவாதம் நடந்தது. எங்கள் ஊர் என்றால் மக்ரூன் இல்லாமலா என்றார் அத்தான். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுட்ட அந்தப் பண்டம் காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஓலைப்பெட்டியோ மூச்சு விடுகிற பெட்டி. டிசம்பரில் இரண்டும் ஒத்துப்போகாது. எனவே முந்திரிக் கொத்தும் அச்சு முறுக்கும். வறுத்த பாசிப்பயற்று மாவை உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தெடுத்தது முந்திரிக் கொத்து. பல நாள் கெடாது. அந்தக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அத்தை பெட்டி வாங்கிய ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டார். சாயம் ஒட்டாமல் இருக்க உள்ளே பட்டர் பேப்பர் விரித்தோம்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கும் ஒன்று முடைய ஆசை இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளை கைக்கு வருமுன் அதற்கென்று எதையும் வாங்கவோ செய்யவோ கூடாது. மூத்தவன் சமயத்தில் இதைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. அத்தையின் அம்மாவுக்குப் பிறந்தவர்களில் தங்கியவர்கள் பாதிப் பேர்தான். அந்த வீடுகளில் உருவான கட்டுப்பாடு அது. அதை எதிர்த்துப் பேசவும் மனமில்லை, ஆசையை விடவும் மனமில்லை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட என்று சொல்லிக் கிலுகிலுப்பை முடைய ஆரம்பித்தேன்.

ஓலைப்பந்து போல ஒரு சின்னக் கனசதுரம். மூடுவதற்கு முன் உள்ளே ஏதாவது போட வேண்டும். உளுந்து போட்டால் சத்தம் மந்தமாக இருந்தது. மூத்தவன் பள்ளிக்கூடத்து வேலியில் பறித்த குன்றிமணியைக் கொண்டுவந்தான். பார்க்க அழகு, ஆனால் உள்ளே அப்ரின் என்னும் கொடிய நஞ்சு; கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாங்கி எறிந்துவிட்டுக் கையைக் கழுவ வைத்தேன். கடைசியில் வறுத்த புளியங்கொட்டை. வறுத்ததால் வண்டு வராது, சத்தமும் கணீரென்று இருக்கிறது. சாயம் போடவில்லை. அப்படியும் பிள்ளை கையில் கொடுப்பதாக இல்லை. ஓலையின் ஓரம் கூர்மையானது, பின்னல் தளர்ந்தால் கொட்டை வாய்க்குப் போகும். தொட்டிலுக்கு மேலே, கைக்கு எட்டாமல் கட்டுவதற்கு மட்டும்தான். பிறந்த குழந்தைக்கு இருபது முப்பது சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். சத்தம் மட்டும் வந்து சேரட்டும்.

சத்தம் முன்பே சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். மூத்தவன் அதை என் வயிற்றருகே ஆட்டிவிட்டுக் காத்திருப்பான், உதை விழுந்தால் "ஆச்சி, கேட்டுவிட்டது!" என்று கத்திக்கொண்டு ஓடுவான்.

24ஆம் தேதி மாலைக்குள் பெட்டிகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. அடுத்த தெரு டீச்சர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார், பாத்திரம் என்று நினைத்து. ஒருவர் பலகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், மூடி இறுக்கமாக இருக்கிறது என்றார். அது நான் முடைந்த மூடி. என் விளிம்பு இன்னும் அத்தையுடையதைப் போல ஓடவில்லை, இரண்டு இடத்தில் செருகல் வெளியே தெரிகிறது.

புத்தாண்டு முடிந்து மரத்தைப் பிரித்தபோது நட்சத்திரங்களை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார் அத்தை. கிலுகிலுப்பையை மட்டும் தனியாக எடுத்துப் பழைய பருத்திச் சேலைகள் வைத்திருக்கும் அலமாரித் தட்டில் வைத்தார். "இது எதற்கு அத்தை இங்கே?" என்று கேட்டேன். "அடுத்த கிறிஸ்துமஸுக்கு" என்றார். மிச்சமுள்ள ஓலையை வேப்பிலை போட்டுச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்தது ஆறுக்கு ஆறில் சின்னப் பெட்டி.