சுருட்டு மணம், பீடி நாத்தம்

2023 ஜூலை 2, ஞாயிறு

மட்டக்களப்பில் கல்லடிக்குக் குடிவந்து இன்றோடு மூன்று நாள். வீடு பார்க்க வந்த அன்று எல்லா யன்னலும் திறந்து கிடந்தன. வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று ஒரு வாசலால் நுழைந்து மறுவாசலால் போய்க்கொண்டிருந்தது. சாமியறையில் சாம்பிராணி வேறு. நல்ல காற்றோட்டமான வீடு என்று நாங்களே சொல்லிக்கொண்டு ஆறு மாத முற்பணத்தையும் கொடுத்துவிட்டோம். ஆளில்லாத வீட்டில் யார், எதற்குச் சாம்பிராணி போட்டார்கள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் இரவே நுளம்புக்குப் பயந்து யன்னல்களைச் சாத்தினோம். அரைமணி நேரம் போயிருக்கும், வந்தது மணம். பழைய சிகரெட். யாரோ பக்கத்தில் பற்றவைத்தது போல இல்லை; நனைந்த சாம்பலும் பழைய கொப்பித் தாளும் சேர்ந்து புளித்த மாதிரி.

"எனக்கு ஒண்ணும் மணக்கல்லயே" என்றார் இவர். பன்னிரண்டு வருடம் சிகரெட் பற்றி, மகனுக்கு மூன்று வயதானபோது விட்டவர். அந்த மூக்கை நம்பி வீடு எடுத்தது என் பிழை.

மகனுக்கு முட்டு, ஆஸ்துமா, இருக்கிறது. இரவு இரண்டரைக்கு இருமத் தொடங்கினான். பம்ப் அடித்து, மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு விடியும் வரை இருந்தேன்.

ஜூலை 4

கந்தோரிலிருந்து வந்து மின்விசிறியைத் துடைத்தேன். இறக்கையில் தூசு என்றுதான் நினைத்தேன். தூசென்றால் ஈரத்துணிக்கு வந்துவிடும். இது விரலில் ஒட்டியது, கருப்பட்டிப் பாகு மாதிரி. வாளித் தண்ணீர் மூன்றாம் தரம் மாற்றியும் பிளேன்டீ நிறம்.

மறுகா சுவரைப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். மண்டபத்தில் படம் மாட்டிய ஆணிக்குக் கீழே ஒரு நீள்சதுரம், பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளைதான் சுவரின் சொந்த நிறம்!

பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "முந்தி இருந்தவர் தனி ஆள் தங்கச்சி, பதினொரு வருசம் இருந்தவர். ரியூசன் குடுத்தவர். நல்ல மனுசன்தான் கா, ஆனா வாய் புகைக்கூடு." நல்ல மனுசன் என்பது அப்போது என் காதில் விழவே இல்லை.

ஜூலை 9, ஞாயிறு

முழு நாளும் கழுவல். வினாகிரி கலந்த தண்ணீரால் கதவு, யன்னல், கொழுவி. விட்டுப்போன திரைச்சீலைகளை அப்பச்சோடாவில் ஊறவைத்தேன். பிறகு, யாருக்காக ஊறவைக்கிறேன் என்று யோசித்து எறிந்துவிட்டேன். தும்பு மெத்தையும் குப்பைக்குப் போனது. அலுமாரித் தட்டுகளில் சிரட்டைக்கரியைத் தட்டில் வைத்திருக்கிறேன். அது மணத்தைக் கொஞ்சம் இழுக்கிறது, பொய் இல்லை. சாம்பிராணி ஒன்றும் செய்யாது. ஒரு புகைக்கு மேல் இன்னொரு புகையைப் போர்த்துவதுதான். ஒரு மணி நேரத்தில் போர்வை விலகிவிடும். மகனுக்கு அதுவும் கூடாது.

இரவு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். பற்றுகிறவர் இழுப்பது முதற்புகை, பக்கத்தில் நிற்பவர் இழுப்பது இரண்டாவது, எல்லாரும் எழும்பிப் போனபின் சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கிடப்பது மூன்றாம் கைப் புகை. 2009இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சிலர் எழுதிய கட்டுரையால் பரவிய பெயர். சும்மா கிடக்கிற அழுக்கு இல்லையாம். நிக்கோட்டின் மெல்ல மெல்லத் திரும்பவும் காற்றில் ஏறும். அதோடு, காஸ் அடுப்பிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் வருகிற நைட்ரஸ் அமிலம் பட்டால் புற்றுநோய் தரக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறும் என்று 2010இல் பெர்க்லி ஆய்வுகூடத்தில் கண்டார்கள். எங்கள் குசினி மண்டபத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது.

இன்னொன்று வாசித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கலிபோர்னியாவில் புகைப்பவர்கள் விட்டுப்போன வீடுகளைச் சோதித்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதம் வெறுமையாகக் கிடந்து, துப்புரவாக்கி, புதிய ஆட்கள் வந்த பிறகும் தூசியில் நிக்கோட்டின். புகைக்கவே புகைக்காத அந்தப் புதிய ஆட்களின் விரல்களிலும் நிக்கோட்டின். மகன் தரையில் படுத்துக்கொண்டுதான் படம் கீறுவான். இன்றைக்கு அவனுக்குப் பாய் விரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

லண்டன் அத்தான் வந்திருந்தார். இவரின் பெரியப்பா மகன். சொக்லேட், பால்மா, மாமிக்கு ஒரு சால்வை. பகல் சாப்பாடு முடிந்ததும் விறாந்தைக் கதிரையில் சாய்ந்து, பெட்டியை எடுத்தார்.

"சாம்பல் தட்ட ஏதாவது இரிக்கா?"

நான் என்ன செய்தேன்? இரண்டு கிழமையாக விரல் தோல் உரிய இந்த வீட்டைக் கழுவியவள் உள்ளே போய், விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பொன்கரைக் கோப்பை செட்டில் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினேன். சிரித்துக்கொண்டே நீட்டினேன்.

லண்டனில் எப்படி என்று இவர் கேட்டார். அங்கே 2007இலிருந்து கடைக்குள்ளே, கந்தோருக்குள்ளே பற்ற முடியாது, மழையோ பனியோ வெளியேதான் நிற்க வேண்டும் என்றார் அத்தான். சொல்லும்போதே புகை யன்னலால் மகனின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. இங்கேயும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மூடிய பொது இடங்களில் பற்றக்கூடாது, இருபத்தொரு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக்கூடாது. ஆனால் என் விறாந்தைக்குச் சட்டம் வராது. அங்கே நான்தான் வாய் திறக்க வேண்டும். திறக்கவில்லை.

அவர் போனபின் மாமி சொன்னார்: "வெளிநாட்டுச் சிகரெட் எண்டதால அவ்வளவா மணமில்ல, என்ன?"

ஜூலை 22, சனி

பெயின்ட் அடிக்கிற பாஸ் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆரையம்பதியிலிருந்து சைக்கிளில் வருகிறார். வந்தவுடன் ஒரு வேலையும் தொடங்காமல் சுவரில் விரலைத் துப்பல் தொட்டுத் தேய்த்தார், மணந்து பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு மேல சும்மா எமல்சன் அடிச்சா ஒரு மாசத்தில மஞ்சள் மேல வந்திரும். தண்ணிப் பெயின்ட் இந்தக் கறையக் கரைச்சுத் தன்னோட எடுக்கும். முதல்ல கழுவி, காயவிட்டு, ஒயில் பேஸ் ஒண்டு குடுத்து அடைக்கணும். மறுகாதான் வெள்ளை." பெயின்ட் கடைக்காரர் இதைச் சொல்லவே இல்லை. இரண்டு வாளி எமல்சனைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

பத்து மணிக்குப் பாஸ் பின்வளவில் நின்று பீடி பற்றினார். விறாந்தையில் இல்லை, யன்னலுக்குப் பக்கத்தில் இல்லை, கிணற்றுக்கும் அங்கால். நான் குசினி வாசலில் நின்று, "பாஸ், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. கேற்றுக்கு வெளியில போய்க் குடிங்க" என்றேன். சத்தமாகத்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடியைச் செருப்பில் நசுக்கி, துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

மாமி அவருக்குத் தேத்தண்ணியை ஓட்டைக் கைபிடிக் கோப்பையில் கொடுத்தார். பிறகு அதை மற்றக் கோப்பைகளோடு கழுவாமல் வெளிக்குழாயடியில் வைத்தார். "பீடி நாத்தம்" என்றார். அத்தான் சாம்பல் தட்டிய தட்டோ அன்றைக்கே எங்கள் கோப்பைகளோடு ஒரே வாளியில் கழுவப்பட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் ஏறிவிட்டது. கழுவியது நான்.

ஆகஸ்ட் 3

சந்திக் கடையில் பாண் வாங்கப் போனேன். ஒரு மூலையில் சிகரெட் பற்றவைக்கிற தும்புக்கயிறு தொங்கிக் கனன்றுகொண்டிருந்தது. தனிச் சிகரெட் ஒன்று நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது, ஆனாலும் கயிறு அணையவில்லை. என்னைக் கண்டதும் சின்னண்ணனின் மகன் சிகரெட்டை உள்ளங்கைக்குள் மடித்துக் கையைப் பின்னால் கொண்டுபோனான். முதுகுக்குப் பின்னாலிருந்து புகை கிளம்புகிறது, இவன் "என்ன மாமி, பாணா?" என்று கேட்கிறான். "ஓம், பாண்தான்" என்றேன். அவனுக்கு அது மரியாதை. எனக்கும் அது மரியாதையாகத்தான் பட்டது, அதுதான் விசித்திரம். கை சுட்டிருக்கும் பாவம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அம்மம்மாவின் நினைவு இரண்டு நாளாக விடமாட்டேன் என்கிறது.

அம்மம்மா கொக்கட்டிச்சோலை. சுருட்டுக் குடிப்பா. மறைத்து இல்லை, பின்னேரம் திண்ணையில் காலை நீட்டி, வெற்றிலை வட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. 2014இல் மண்முனைப் பாலம் வருவதற்கு முன் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்குப் பாதையில்தான் வருவோம். வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால், தோணி மாதிரி மிதக்கிற அந்தப் பெரிய மேடையைத்தான் நாங்கள் பாதை என்போம். அதிலும் அம்மம்மா சுருட்டோடுதான் நிற்பா. பக்கத்தில் நின்ற உத்தியோகத்தர்கூட விலகி இடம் கொடுப்பார்.

அவவின் சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துத்தான் நான் நித்திரை கொள்வேன். அதை "சுருட்டு மணம்" என்றுதான் வீட்டில் சொல்வோம். நாத்தம் என்று யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. எங்கள் ஊரில் மணம் என்ற சொல் நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொதுவானது. மல்லிகையும் மணக்கும், கருவாடும் மணக்கும். நாத்தம் என்று சொல்லை மாற்றும்போது அங்கே மூக்கு மட்டும் வேலை செய்யவில்லை. அத்தான் சிகரெட் அவ்வளவு மணமில்லை. பாஸின் பீடி நாத்தம். இதே ஊரில் ஒரு பெண்பிள்ளை சிகரெட் பிடித்தாள் என்று கேள்விப்பட்டால் அதற்குச் சொல்லே வேறு. அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அம்மம்மா செத்தது மூச்சு முட்டித்தான். வயசு என்று சொன்னார்கள். நானும் இவ்வளவு காலம் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

செப்டம்பர் 10

வீடு வெள்ளை. மகன் இந்த மாதம் ஒரு தரம்தான் பம்ப் எடுத்தான்.

அக்டோபர் 29, ஞாயிறு

இரண்டு நாளாக மழை. கச்சான் போய் வாடை தொடங்கிவிட்டது. காலையில் குளியலறைச் சுவரில் வேர்வை மாதிரி துளிகள், மண்ணிறம். பாஸிடம் குளியலறைக்கு வேண்டாம் என்று காசு மிச்சம் பிடித்தது நாங்கள்தான். அதுகூடப் பரவாயில்லை. மகனின் அறையில் திரும்ப அந்த மணம். வெள்ளை அடித்த அறை அது! ஈரம் ஏற ஏற எங்கிருந்தோ வருகிறது. சுவரை மோந்து மோந்து திரிந்தேன், நாய் மாதிரி. இவருக்கு இன்றைக்கும் மணக்கவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

பின்னேரம் கேற்றில் ஒருவர். எழுபது வயதிருக்கும், தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டு, கையில் குடை. தனக்கு இந்த முகவரிக்கு ஏதும் கடிதம் வந்ததா என்று கேட்டார். நான் நாலு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த மனிதர்.

கடிதம் ஒன்று வந்திருந்தது. எடுத்துவரப் போகும்போது, உள்ளுக்கு வாங்க ஐயா என்றேன். "இல்ல புள்ள, நான் இஞ்ச நிக்கிறன்." கேற்றைத் திறந்த பிறகும் வரவில்லை. காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்று பார்த்து, இரண்டு அடி நகர்ந்து, எனக்கு மணம் வராத பக்கமாக நின்றார். வாயில் ஏலக்காய். அப்படி நிற்பது அவருக்குப் பழகிவிட்டது என்று தெரிந்தது, யோசித்துச் செய்யவில்லை.

திறந்த கதவால் மண்டபத்துச் சுவர் தெரிந்தது. "வெள்ளை அடிச்சிட்டீங்க. நல்லம்" என்றார். பிறகு கடிதத்தைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு, "பொடியன் எந்த அறையில படுக்கிறான்?" என்றார். சொன்னேன்.

"அதிலதான் நான் பேப்பர் திருத்துறது. மழைக்கு மணக்கும். அந்தச் சுவர் அலுமாரி இரிக்கல்லோ, அதைக் கழட்டிப் பின்னால பாருங்க. அதுக்குள்ள பெயின்ட் போயிராது."

தேத்தண்ணி கொண்டுவரவா என்று கேட்டது என் வாய்தான். குசினியில் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றேன். மாமி என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொன்கரைக் கோப்பையை எடுத்தேன்.

அவர் கேற்றில் நின்றபடியே குடித்து, கோப்பையை மதிலில் வைத்துவிட்டுப் போனார். இவரும் நானும் அலுமாரியைக் கழற்றினோம். பின்னால் ஆளுயரத்துக்குத் தேத்தண்ணி நிறத்தில் சுவர். பாஸுக்கு அழைத்துச் சொன்னேன், சனிக்கிழமை வருகிறாராம்.

மாமி அந்தக் கோப்பையை இரண்டு தரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனார். அவர் போனபின் நானும் எடுத்து மணந்து பார்த்தேன். சவர்க்கார மணம்தான்.