கார்டிஃபில் டாலெக்குகளோடு

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் குடியேறுகிறவர்கள் டாக்டர் ஹூவிடமிருந்து தப்பிக்கவே முடியாது. டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி காலத்திலும் விண்வெளியிலும் பயணம் போகிற தொலைக்காட்சித் தொடர் அது. 2005இல் பிபிசி அந்தத் தொடரை மறுபடி தொடங்கியபோது தயாரிப்பை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ஊரில் பாதித் தெருக்கள் ஏதாவது ஒரு கதையில் வேறு கிரகமாகவோ வேறு நூற்றாண்டாகவோ வந்துபோயிருக்கின்றன. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜன்னல் வழியே ஒரு கட்டடத்தைக் காட்டி, அங்கே யாரை யார் சுட்டார்கள் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்தது. 2013 இலையுதிர் காலத்தில் நானும் ஏழு வயது மகனும் பின்னாலேயே வந்து சேர்ந்தோம். நாங்கள் வந்த நேரம் அந்தத் தொடருக்கு ஐம்பதாவது ஆண்டு. கடைகளில் சட்டை, தேநீர்க் கோப்பை, பள்ளிப்பை என்று எதை எடுத்தாலும் அதில் அந்தத் தொடரின் பேர்பெற்ற வில்லனான டாலெக் ஒன்று இருந்தது. அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் ஒரு உலோகக் கூடு; பக்கங்களில் அரைக்கோளக் குமிழ்கள்; தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கண்; கை இருக்க வேண்டிய இடத்தில் கழிவுக்குழாய் அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணம். இதைப் பார்த்தா ஒரு நாடே பயந்தது என்று எனக்குப் புரியவில்லை.

மகனுக்குப் புரிந்துவிட்டது. பள்ளியில் அவனுக்கு முதலில் பேச்சு வரவில்லை. ஊரில் ஆங்கில வழியில் படித்த பையன்தான், ஆனால் வேல்ஸ் பிள்ளைகளின் உச்சரிப்பு அவன் காதில் ஏறவில்லை. விளையாட்டு நேரத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தவனை ஒரு பையன் கூப்பிட்டு டாலெக் ஆகச் சொல்லியிருக்கிறான். அதற்கு ஆங்கிலம் எதுவும் தேவையில்லை. ஒரு கையை விறைப்பாக நீட்டி, முழங்காலை மடக்காமல் நகர்ந்து, தொண்டையை இறுக்கி 'எக்ஸ்டெர்மினேட்' (அழித்தொழி) என்று கத்தினால் போதும், எல்லோரும் ஓடுவார்கள். அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் ஓடினேன். முகமும் நடையும் இல்லாத ஒரு வில்லனை எந்த நாட்டுப் பிள்ளையும் ஒரு நிமிடத்தில் நடித்துவிடலாம். அறுபது வருடமாக அது உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது காரணத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து தெரிந்துகொண்டேன். ஓய்வுபெற்ற மனிதர். மகன் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. 1963 டிசம்பர் 21 சனிக்கிழமை, தன் பாட்டி வீட்டில் கறுப்பு வெள்ளைத் திரையில் டாலெக்கை முதலில் பார்த்த தலைமுறை அவர். பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அன்று காட்டியது அந்த ரப்பர் கிண்ணக் கையை மட்டும்தான். பார்பரா என்ற பாத்திரம் சுவரோடு ஒட்டி நின்று அலறுகிறாள், அந்தக் கை அவளை நோக்கி வருகிறது, அதோடு அந்த வாரம் முடிந்துவிட்டது. முழு உருவத்துக்கு அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். நடுவில் கிறிஸ்துமஸ் வந்தும் மனசு பரிசுகளில் நிற்கவில்லை என்றார்.

தொடரைத் தொடங்கிய சிட்னி நியூமன் இதில் பூச்சிக்கண் அரக்கர்களே வரக்கூடாது என்று சொல்லியிருந்தவர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் அதை மீறித்தான் டெரி நேஷன் எழுதிய இந்தக் கதையை எடுத்தார். வடிவம் பிபிசியில் சம்பளத்துக்கு இருந்த ரேமண்ட் கியூசிக்குடையது. கால் இருந்தால் வேஷம் போட்ட ஆள் என்று தெரிந்துவிடும் என்பதால் காலையே மறைத்துவிட்டார். உள்ளே ஒருவர் சிறிய இருக்கையில் உட்கார்ந்து பாதத்தால் தரையை உந்தி நகர்த்துவார். குரல் வெளியிலிருந்து வேறு நடிகர் கொடுப்பது. முதல் கதைக்குச் செய்த கூடுகள் நான்கே நான்கு. கூட்டமாகத் தெரிய வேண்டிய இடத்தில் ஆளுயரப் புகைப்படங்களை நிறுத்தி ஒப்பேற்றினார்கள். அந்த நான்கில் இருந்த பயம் பிற்பாடு கணினியில் பெருக்கிய லட்சக்கணக்கில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

டெரி நேஷன் இந்த ஊர்க்காரர். 1930இல் லாண்டாஃபில் பிறந்தவர். 1941 ஜனவரி 2 இரவு ஜெர்மன் விமானங்கள் கார்டிஃப் மேல் குண்டு போட்டதில் லாண்டாஃப் தேவாலயத்தின் கூரையே பறந்தது. அவருக்கு அப்போது பத்து வயது. தங்களைப்போல் இல்லாத எந்த உயிரும் இருக்கக்கூடாது என்று நினைக்கிற ஒரு இனத்தை அவர் எழுதியதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. 1964இல் வந்த இரண்டாவது கதையில் டாலெக்குகள் லண்டனைப் பிடித்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நகர்கின்றன. போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகவில்லை. நடக்காமல் தப்பிய ஒன்றைப் பெரியவர்கள் அந்தக் காட்சியில் பார்த்தார்கள்.

சரி, இவ்வளவு பலம் உள்ள ஒரு வில்லனை என்ன செய்தார்கள்? கசக்கிப் பிழிந்தார்கள். 1965-66இல் பன்னிரண்டு வாரம் நீண்ட ஒரே டாலெக் கதை. இரண்டு சினிமா. பொம்மை வியாபாரம் தனி. 1967இல் டாலெக்குகளைக் கூண்டோடு அழித்து முடித்தார்கள். நேஷனுக்கு அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும் ஆசை இருந்தது. அது நடக்கவில்லை, 1972இல் திரும்பி வந்துவிட்டன. 1973இல் பத்தாயிரம் டாலெக் கொண்ட படையைக் காட்டக் கடைப் பொம்மைகளையே வரிசையாக நிறுத்தினார்கள். 1975இல் அவற்றை உருவாக்கிய டேவ்ராஸ் என்ற விஞ்ஞானியின் கதை வந்தது. அந்த இனத்தை முளையிலேயே கிள்ளிவிட எனக்கு உரிமை உண்டா என்று டாக்டர் தயங்கி நிற்கிற கதை. பழைய தொடரில் இதற்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் டேவ்ராஸும் ஒட்டிக்கொண்டான், அவன் இல்லாமல் டாலெக் இல்லை என்றாகிவிட்டது.

நான் வந்த வருடத்தின் கதையே இதற்குச் சாட்சி. நவம்பர் 23 அன்று ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சி. குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். வானம் முழுக்க டாலெக் கப்பல்கள், கடைசியில் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டு ஒழிந்தன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடி டாலெக்குகள், கூடவே சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்கள், அழும் தேவதைச் சிலைகள் என்று எல்லா வில்லனும் ஒரே கிராமத்தைச் சுற்றி. மகன் கைதட்டினான். எனக்கு நம்பியார் ஞாபகம் வந்தது. அவர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நிற்கும்போதே கடைசி ரீலில் உதை வாங்குவார் என்று கொட்டகைக்கே தெரியும். ஜனங்கள் அவரை ரசித்தார்கள், ஆனால் பயந்தது ஆரம்பத்தில்தான்.

பயம் என்றால் என்ன என்று காட்டியது நூலகத்தில் எடுத்த டிவிடி ஒன்று. 2005இல் ராபர்ட் ஷியர்மன் எழுதிய கதை, பெயரே 'டாலெக்'. பூமிக்கு அடியில் ஒரு கோடீஸ்வரனின் அருங்காட்சியகத்தில் சங்கிலியில் கட்டிவைத்த ஒற்றை டாலெக். அதைப் பார்த்ததும் கிறிஸ்டோபர் எக்கில்ஸ்டன் நடித்த டாக்டர் கதவை உடைத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறார். அவர் பயந்ததால் நானும் பயந்தேன். அது அவிழ்ந்ததும் ஆயுதம் தாங்கிய காவலர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறது. மாடிப்படி ஏறினால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர்களின் கண்முன்னே மிதந்து மேலே வருகிறது. முடிவில், ரோஸ் என்ற பெண் தொட்டதால் மனித மரபணு தன் உடம்பில் கலந்துவிட்டதைத் தாங்க முடியாமல், என்னைச் சாகச் சொல் என்று அவளிடமே கேட்கிறது. ஒரே ஒரு டாலெக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு செய்ய முடியும்! அதே வருடத் தொடரின் முடிவில் ஐந்து லட்சம் டாலெக் வந்தன, ஒரு நொடியில் தூசாயின. அடுத்த வருடம் இன்னும் பல லட்சங்கள் வந்தன. 2008இல் டாக்டரின் தோழி டானா விசைகளைத் திருகினாள், டாலெக்குகள் பம்பரமாகச் சுற்றின. அந்தக் காட்சியில் எனக்கு வருத்தம்தான் வந்தது.

இதில் எழுத்தாளர்களை மட்டும் குறைசொல்ல மாட்டேன். நடிகர் மாறிப் புதிதாக வருகிற ஒவ்வொரு டாக்டரும் ஒரு டாலெக்கை எதிர்கொண்டால்தான் டாக்டர் என்ற நினைப்பு பார்க்கிறவர்களிடமும் இருக்கிறது. அழும் தேவதைகளுக்கும் இதே கதிதான். 2007இல் கண் இமைக்காமல் பார்த்தால் மட்டுமே அசையாத சிலைகளாக வந்து உறைய வைத்தன. திரும்பத் திரும்ப வந்ததில் ஒவ்வொரு முறையும் ஒரு புது விதி சேர்ந்தது, பழைய திகில் தேய்ந்தது.

2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பு வந்தது. கார்டிஃபில் அறுபது சதவீதம் பேர் தொடர்ந்து இருக்க வாக்களித்தார்கள், வேல்ஸ் மொத்தத்தில் வெளியேறச் சொன்னவர்கள்தான் ஜெயித்தார்கள். அந்த வாரம் பேருந்தில் முன்பின் தெரியாத ஒருவர் மனைவியிடம், எப்போது ஊருக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். இரவு வேலை முடித்து வந்துகொண்டிருந்தவள். அவள் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். விஷயம் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர் மாலையில் கேக்கோடு வந்து உட்கார்ந்தார். வேறு ஏதேதோ பேசினோம், அப்புறம் மகன் அந்த 2005 கதையைப் போட்டான். தன்னில் அந்நிய மரபணு கலந்ததும் சாவைக் கேட்கிற அந்தப் பிராணியை அன்று மூன்று தலைமுறையாக உட்கார்ந்து பார்த்தோம். இதை எழுதியவர்கள் நம் பக்கம் நிற்கிறவர்கள் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இந்த வில்லனைப் பொம்மையாக்கும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

2019 புத்தாண்டு நாளில் மறுபடி ஒற்றை டாலெக் வந்தது. கூடு இல்லாத வெறும் உடம்பு, ஒரு பெண்ணின் முதுகில் ஒட்டிக்கொண்டு, பழைய இரும்பில் தனக்கு ஒரு கூடு செய்துகொள்கிறது. நன்றாகவே இருந்தது. உடனே 2021 புத்தாண்டிலும் டாலெக், 2022 புத்தாண்டிலும் டாலெக். 2024 தொடரில் ஒரு டாலெக் கதைகூட இல்லை. பதினெட்டு வயதைத் தொட்டுவிட்ட என் மகனுக்கு அது பெரிய ஏமாற்றம். பெரியவரும் நானும் இன்னும் நாலைந்து வருடம் இப்படியே விடட்டும் என்கிறோம். அதற்கப்புறம் ஒன்று வரட்டும், ஒன்றே ஒன்று, சனிக்கிழமை சாயங்காலத்தில்.