பீடிக்குப் பத்து நிமிடம்

மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் ஏழு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். பாக் நீரிணையில் வலையில் விழும் நீலக்கால் நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையைப் பிரித்து அனுப்பும் வேலை. சதை பிரிப்பதெல்லாம் பெண்கள். பெட்டி ஏற்றுவதும் ஐஸ் உடைப்பதும் ஆண்கள்.

உட்கார்ந்து சாப்பிட இருந்தது ஒரே ஒரு பின்தாழ்வாரம். ஆண்கள் பீடி குடிப்பதும் அங்கேதான். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது வடக்கு ஓரத்தில் நின்று ஊதுகிற புகை முழுக்க சோற்றின் மேல் வந்து இறங்கும். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒருநாள் ஏழு மாத வயிற்றுக்காரி ஒருத்தி, பாதிச் சோற்றோடு தூக்கை மூடிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்போது நானும் சிகரெட் பிடிப்பவன்.

முதலாளியிடம் சொல்லி போர்டு மாட்டினேன். சட்டம் ஒன்றும் புதிதில்லை. 2008 அக்டோபர் 2 முதலே வேலை செய்யும் இடங்களில் புகைக்கத் தடை, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

ஐஸ் உடைக்கும் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, நாப்பது வருசம் கடலுக்குப் போனவன் நான். ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கையில இந்தப் பீடிதான் துணை. என் காசு, என் நெஞ்சு. இதுக்கு ஒங்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

அவர் நெஞ்சைப் பற்றி அவர் சொன்னது சரிதான், அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வல்லத்தில் புகையைக் காற்று கடல் மேல் கொண்டுபோய்விடும். இங்கே அது இன்னொருத்தியின் வயிற்றுப்பிள்ளை வரைக்கும் போகிறது. புகைக்காதவர்மேல் புகையைத் திணிப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2001-இலேயே சொல்லிவிட்டது. பெரியவர் கேட்கும் தனிமனிதச் சுதந்திரமும் அதே பிரிவில்தான் இருக்கிறது. "அண்ணே, குடிக்க வேண்டாம்னு சொல்லல. கேட்டுக்கு வெளிய அந்த வேப்பமரத்தடிக்குப் போயிட்டு வாங்க, பத்து நிமிசம் ஆனாலும் பரவாயில்ல" என்றேன். முணுமுணுத்தபடி ஒத்துக்கொண்டார்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, சதை பிரிப்பவர்களில் மூத்த அக்கா கேட்டார்: "அவுகளுக்குப் பீடி குடிக்கப் பத்து நிமிசம் குடுத்துட்டீக. பீடி குடிக்காதவுகளுக்கு என்ன தம்பி?"

ஏழு வருடத்தில் நான் போடாத கணக்கு அது. ஆண்களுக்கு நாள் கூலி. ஐந்து முறை பீடிக்குப் போனாலும் கூலி குறையாது. பெண்களுக்குக் கிலோக் கணக்கு. எழுந்தால் காசு போச்சு. அதோடு கையுறை, தொப்பி, ஏப்ரன் எல்லாம் கழற்றி, திரும்பி வரும்போது குளோரின் தண்ணீரில் கை கழுவி மறுபடி மாட்டவே ஐந்து நிமிடம் ஓடிவிடும். இதற்குப் பயந்து சிறுநீரைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுதந்திரம் என்று நானும் பெரியவரும் வாதாடிக்கொண்டிருந்தது பீடியைப் பற்றி. அவர்களுக்கோ எழுந்து நிற்கவே வழியில்லை.

காலை பத்தரைக்கும் மாலை மூன்றரைக்கும் எல்லோருக்கும் பத்து நிமிடம் என்று முடிவானது. முதலாளி டீக்கு ஒத்துக்கொண்டார். அந்த இருபது நிமிடத்துக்கு ஈடாக கிலோக் கூலியைக் கூட்டச் சொன்னேன், அதற்கு மட்டும் மசியவில்லை. நான் வேலையை விடும்வரை அது நடக்கவே இல்லை. இப்போதும் மனசை அறுக்கிறது.

முதல் நாள் மூன்றரைக்கு மணி அடித்ததும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் நாலைந்து பேர் கேட்டைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்த்து நின்றார்கள். வேப்பமரத்தடியில் இருந்த பெரியவர், பீடியைக் கையில் மறைத்துக்கொண்டு காற்றுக்கு அந்தப் பக்கமாக நகர்ந்து நின்றார். மூத்த அக்கா மட்டும் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே திரும்பினார். அவர் தட்டில் பாதி நண்டு மீதமிருந்தது.