செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றும் கருவி: சொதப்பும் இடங்கள்

ஆர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டி போர்டு), மண் ஈரம் பார்க்கும் சென்சார், 5 வோல்ட் குட்டி பம்ப், ஒரு மாஸ்ஃபெட் (பம்பை ஆன், ஆஃப் செய்யும் மின்னணு சுவிட்ச்). முக்கியப் பொருள்கள் இவ்வளவுதான்.

சென்சாரில் மலிவானது இரண்டு கால் முள்கரண்டி மாதிரி இருக்கும், அதை வாங்காதீர்கள். ஈர மண்ணில் நேர்மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்பகுப்பில் செம்பு அரித்துப்போய் அளவு தாறுமாறாகும். உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் வகையே மேல். அதைக் காற்றிலும், பிறகு அதில் போட்டிருக்கும் கோடு வரை மட்டும் தண்ணீரிலும் வைத்து இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் எண் கூடும், நனைந்தால் குறையும். இதைப் புரோகிராமில் தலைகீழாக எழுதிவிட்டால் நனைந்த செடிக்கே ஊற்றிக்கொண்டிருக்கும்!

பம்பை ஆர்டுயினோவின் பின்னில் (கம்பி செருகும் கால்) நேராக இணைக்கக் கூடாது. ஒரு பின் 40 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது; பம்ப் 100க்கு மேல் கேட்கும். நடுவில் லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (பின் தரும் 5 வோல்ட்டிலேயே முழுதாக ஆன் ஆகும் வகை) போடுங்கள். மாஸ்ஃபெட்டின் கேட் காலிலிருந்து (பின்னோடு இணையும் கால்) கிரவுண்டுக்கு (மைனஸ்) 10 கிலோஓம் ரெசிஸ்டர், பம்பின் குறுக்கே 1என்4007 டயோடு, கோடுள்ள முனை பிளஸ் பக்கம். பம்ப் கிளம்பும்போது போர்டு ரீசெட் ஆனால் பம்புக்குத் தனி சப்ளை கொடுங்கள்; கிரவுண்டு மட்டும் பொது.

3 விநாடி ஊற்றி, 10 நிமிடம் பொறுத்து மறுபடி அளக்கட்டும். மண் உறிஞ்ச நேரம் வேண்டுமே.

பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் ஓடுகிறதா? புரோகிராமில் பிழை தேடாதீர்கள். குழாயின் வாய் வாளியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அது சைஃபன், அதாவது பம்ப் இல்லாமலே தண்ணீர் குழாய் வழியே தானாகக் கீழே இறங்குவது. வாயை மேலே தூக்கிக் கட்டுங்கள்.